மறுத்தது யார்?

இரண்டு லினக்ஸ் கணினிகளுக்கு நடுவே ஒரு டைரக்டரியைப் பகிர வேண்டுமென்றால் என் கை முதலில் தேடுவது என்.எஃப்.எஸ்.ஸைத்தான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980-களின் நடுவில் உருவாக்கிய நெறிமுறை அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், வேறு அறையில் இருக்கும் சர்வரின் கோப்பை நம் கணினியின் கோப்புபோலவே திறக்கவும் எழுதவும் வைக்கிறது. அந்த ஓட்டம் தடைபடும்போது பெரும்பாலும் நம் முன் நிற்பது இரண்டே சொல்: 'பெர்மிஷன் டினைட்'.

உடனே பலர் அடிப்பது 'சிஎச்மாட் 777'. எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிட்டால் பிரச்சினை ஒழியும் என்ற எண்ணம். நான் கடைப்பிடிப்பது வேறு ஒழுங்கு: எதையும் திறந்துவிடும் முன் மறுத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கோப்பைத் தொடுவதற்குள் நம் கோரிக்கை ஐந்தாறு சோதனைகளைத் தாண்டுகிறது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு காரணம் வைத்து மறுக்கும். திரையில் வருவது மட்டும் ஏறத்தாழ ஒரே வாசகம்.

ஆகவே முதல் கேள்வி: மவுண்ட் செய்யும்போதே மறுப்பு வந்ததா, மவுண்ட் ஆன பிறகு வந்ததா? மவுண்ட் செய்யும்போதே சர்வர் மறுத்தால், கோப்பின் உரிமைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்புக்குப் போக வேண்டும். அந்தக் கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது. 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' கொடுத்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். அதே கமாண்டை '-வி' சேர்த்து ஓட்டினால், இந்த நிமிடம் எந்த டைரக்டரி எந்தக் கணினிக்கு என்ன விதிகளோடு திறந்திருக்கிறது என்று தெரியும். நாம் எழுதியதாக நினைப்பதும் சர்வர் புரிந்துகொண்டதும் வேறாக இருந்தால் இங்கே பிடிபட்டுவிடும்.

அப்படி வேறாவதற்கு ஒரேயொரு இடைவெளி போதும். கிளையன்ட் கணினியின் பெயரை எழுதி, அதை ஒட்டியே அடைப்புக்குறிக்குள் 'ஆர்டபிள்யூ' என்று எழுத வேண்டும். நடுவில் ஸ்பேஸ் விழுந்தால், பெயர் சொன்ன கணினிக்குக் கிடைப்பது படிக்கும் உரிமை மட்டும். எழுதும் உரிமையோ சர்வரை எட்டக்கூடிய மற்ற எல்லாக் கணினிகளுக்கும் போய்விடும். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று எரர் வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

மவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் எழுத முடியவில்லை என்றால் என்.எஃப்.எஸ்.ஸின் அடிப்படைக்கு வருகிறோம். வழக்கமான அமைப்பில் கிளையன்ட் ஒவ்வொரு கோரிக்கையோடும் யூசரின் எண்ணையும் குரூப்புகளின் எண்களையும் அனுப்புகிறது. சர்வர் இந்தச் சான்றை அப்படியே நம்புகிறது. யூசரின் பெயர் அந்தச் சான்றில் இல்லை. இரண்டு கணினியிலும் 'கணக்கு' என்று ஒரே பெயரில் யூசர் இருக்கலாம். ஒன்றில் எண் 1000, மற்றதில் 1001 என்றால் சர்வருக்கு அவர்கள் இரு வேறு ஆட்கள். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸில் 6-ஆம் பதிப்பு வரை சாதாரண யூசர்களின் எண் 500-இல் தொடங்கியது. 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து 1000-இல் தொடங்குகிறது. பழைய சர்வரைப் புதிய கிளையன்ட்களோடு இணைத்த இடங்களில் இந்தக் கோளாறு வந்ததற்கு அது ஒரு காரணம்.

இதில் கண் ஏமாறாமல் இருக்க வேண்டும். 'எல்எஸ் -எல்' காட்டும் பெயரை நம்பக் கூடாது. அந்த எண்ணுக்குத் தன்னிடம் என்ன பெயர் இருக்கிறதோ அதைக் கிளையன்ட் காட்டிவிடலாம். என்.எஃப்.எஸ்.ஸின் நான்காம் பதிப்பில் பெயர்களை மாற்றித்தரும் சேவை தனியாக இயங்கக்கூடும். அதன் டொமைன் இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் எல்லாக் கோப்பும் 'நோபடி' பெயரில் தெரியும். பெயரைக் காட்டும் வேலை வேறு, உரிமையைத் தீர்மானிக்கும் வேலை வேறு. 'எல்எஸ் -என்' கொடுத்தால் எண்கள் நேராக வரும். இரு கணினியிலும் அதையும் 'ஐடி' கமாண்டையும் ஓட்டி ஒப்பிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. எண்கள் மாறியிருந்தால் அவற்றை ஒன்றாக்குவதுதான் வைத்தியம்: சிறிய இடத்தில் 'யூசர்மாட்' போதும், கணினிகள் பெருகினால் எல்டிஏபி போன்ற ஒரு மையப் பட்டியல் வேண்டும்.

அடுத்தது ரூட். கிளையன்டில் சர்வ அதிகாரமும் கொண்ட ரூட், சர்வருக்குப் போகும்போது வழக்கமாக 65534 என்ற எண்ணுள்ள 'நோபடி' ஆகிவிடுகிறார். ரூட் ஸ்குவாஷ் என்ற இந்த ஏற்பாடு இயல்பாகவே இயங்கும். அதனால்தான் கோப்பின் உரிமையாளருக்குத் திறக்கும் கோப்பு, ரூட்டாக ஓடும் பேக்கப்புக்குத் திறப்பதில்லை. 'சிஎச்ஓன்' வேலை செய்வதில்லை. இதை அணைத்துவிடும் வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு கிளையன்டைக் கைப்பற்றியவர், ரூட் அதிகாரத்தோடு ஓடும் நிரலை ஷேரில் வைத்துவிட்டுப் போக அது வழிவிடும். பேக்கப்பைச் சர்வரிலேயே ஓட்டுங்கள். இல்லையென்றால் உரிமையாளரின் பெயரில் ஓட்டுங்கள்.

இன்னொன்று அரிதாகத்தான் வரும், ஆனால் அதிகம் அலைக்கழிக்கும். கிளையன்ட் அனுப்பும் சான்றில் கூடுதல் குரூப்புகளுக்கு 16 இடம்தான் உண்டு. ஒருவர் கூடுதலாக இருபது குரூப்பில் இருந்தால் மிச்சம் நான்கு சர்வருக்குத் தெரியாது. அந்த நான்கில் ஒன்றுக்குரிய டைரக்டரி, குரூப்பில் உள்ள மற்றவர்களுக்குத் திறக்கும், அவருக்கு மட்டும் திறக்காது. 'ஐடி' கமாண்டோ அவர் அந்தக் குரூப்பில் இருப்பதாகவே காட்டும். 'மேனேஜ்-ஜிஐடிஸ்' என்ற அமைப்பை இயக்கினால் சர்வர் தன்னிடமுள்ள பட்டியலிலிருந்தே குரூப்புகளை எடுத்துக்கொள்ளும்.

எல்லா வழக்கிலும் எனக்குக் கைகொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. சர்வரிலேயே 'சுடோ -யூ' கொடுத்து, ஹாஷ் குறியோடு கிளையன்ட் அனுப்பும் அதே யூசர் எண்ணைப் போட்டு, அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பது. அங்கேயும் மறுத்தால் நெட்வொர்க்மேல் பழியில்லை. பாதையில் மேலுள்ள ஏதோ ஒரு டைரக்டரியில் நுழையும் உரிமை இல்லாமல் இருக்கலாம். அங்கே திறந்து, கிளையன்டில் மறுத்தால் ரூட் ஸ்குவாஷ், குரூப் வரம்பு, லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான செலினக்ஸ் என்று சந்தேகம் சுருங்கிவிடும். ஷெல்லில் படிக்க முடிந்த கோப்பை வெப் சர்வர் மட்டும் படிக்க மறுத்தால் அநேகமாகச் செலினக்ஸ்தான்.

இப்போது 777-ஐ எடைபோடலாம். எக்ஸ்போர்ட்ஸ் வரியில் விழுந்த ஸ்பேஸையோ செலினக்ஸையோ அது தொடுவதே இல்லை. யூசர் எண் மாறிய இடத்தில் அது பலிப்பதுபோல் தெரியும். ஆனால் அன்றிலிருந்து எழுதப்படும் ஒவ்வொரு புதுக் கோப்பும் தவறான எண்ணின் பெயரில் சேரும். சில மாதம் கழித்து அவற்றைப் பிரித்தெடுப்பது பெரும் பாடு. எண்ணை மட்டும் நம்புவது போதாது என்று கருதும் இடத்துக்கு, யூசரின் அடையாளத்தை உறுதிசெய்யும் கெர்பரோஸ் இருக்கிறது. அதற்கு உழைப்பு அதிகம், ஆனால் அது நேர்மையான வழி.

எழுத வேண்டியவர் எழுதிவிட்டார் என்பதோடு நான் வேலையை முடிப்பதில்லை. எழுதக் கூடாத ஒருவரின் கணக்கிலிருந்தும் முயன்று, சர்வர் மறுப்பதைப் பார்த்த பிறகே அந்த ஷேரைச் சரியென்று ஒப்படைக்கிறேன்.