‘நாரி நோ’ என்று விட்டுவிடலாமா?

“தொண்ணூற்றைஞ்சில வயித்தில பிள்ளையோட நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தனாங்கள். உங்களுக்கு இப்ப கட்டிலால எழும்பவும் ஏலாதோ?”

உடுவிலிலும் அயற் கிராமங்களிலும் கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குச் செல்லும்போது இப்படியான பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர் மாமியாராக இருப்பார், அல்லது பெரியம்மாவாக, அயல்வீட்டு ஆச்சியாக இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது கர்ப்பிணிகளும் அந்தச் சனநெரிசலில் மழைக்குள் நடந்தார்கள். அதைத் தாங்கிய தலைமுறை அது. ஆனால் அந்தத் துன்பத்தை அளவுகோலாக வைத்து இன்றைய பெண்ணின் நோவை அளக்கும்போது அவள் வாயை மூடிக்கொள்கிறாள். வாயை மூடிக்கொண்டவளுக்கு வைத்தியமும் இல்லை, உதவியும் இல்லை.

எனது இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஆறாம் மாதத்தில் எனக்கு இந்த நோ தொடங்கியது. முதலில் நாரியின் ஒரு பக்கத்தில் உளைவு. பிறகு அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் கத்தி கொண்டு குத்துவது போன்ற வலி. நேராக நின்றால் பெரிதாகத் தெரியாது. உள்பாவாடை போட ஒற்றைக் காலைத் தூக்கினால் உயிர் போகும். இரவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பஸ் படியில் ஏறும்போது கவட்டுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “அது நாரி நோ. பிள்ளை பிறந்தால் போயிடும்.”

நாரி நோ என்பது முழு உண்மையல்ல. இதற்குத் தனியாக ஒரு பெயர் உண்டு. மருத்துவர்கள் இதனை இடுப்பு வளைய வலி என்கிறார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயர் இல்லாத வருத்தத்தை யாரும் நம்புவதில்லை. எமக்கு அயலிலுள்ள மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன், பிரசவ மருத்துவ நூல் ஒன்றை 1857 இலேயே தமிழில் கொண்டுவந்தார். எமது தாய்மாருக்கு வைத்தியம் செய்பவர்கள் தம் சொந்த மொழியில் நோயை அறிய வேண்டும் என்பது அவரது எண்ணம். நோயைத் தாங்குகின்ற பெண்ணுக்கும் அந்த அறிவு வேண்டும்.

ஏன் வருகிறது?

எமது இடுப்பு எலும்புகள் ஒரு வளையம் போல அமைந்துள்ளன. முன்னால் ஒரு மூட்டு, பின்னால் முள்ளந்தண்டின் அடியில் இடமும் வலமுமாக இரண்டு மூட்டுகள். சாதாரண காலத்தில் இவை மிகச் சிறிதளவே அசையும். கர்ப்ப காலத்தில் உடலில் சுரக்கும் ஓமோன்கள் இம்மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. அவற்றுள் ஒன்றான ரிலாக்சின் 1926 இல் கண்டறியப்பட்டது. அதே நேரத்தில் வயிறு முன்னே தள்ள, உடலின் பாரம் விழும் இடமும் மாறுகிறது. மூட்டுகள் சமமாக அசையாமல் ஒரு பக்கம் கூடுதலாக இழுபடும்போது நோ வருகிறது.

இது அரிதான வருத்தமும் அல்ல. 2008 இல் வெளிவந்த ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி, கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 5 பேருக்கு ஒருவர் இதனால் அவதிப்படுவதாகக் கூறுகிறது. இந்த நோ வயிற்றிலுள்ள பிள்ளைக்குத் தீங்கு செய்யாது. தாய்க்கு மட்டுமே இது பாடு. அதனால்தானோ என்னவோ, இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

முன்பு நாரி நோ இருந்தவர்கள், முந்திய கர்ப்பத்தில் இதே நோ வந்தவர்கள், இடுப்பில் அடிபட்டவர்கள், உடல் உழைப்புக் கூடியவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். இந்த வரிசையை வாசிக்கும்போது எமது பெண்களின் முகங்கள்தான் என் கண்முன் வருகின்றன. கிளினிக் காட்டில் ‘தொழில்’ என்ற இடத்தில் பலருக்கு ‘இல்லை’ என்றே எழுதப்பட்டிருக்கும். தொழில் இல்லாத அந்தப் பெண் விடிய எழும்பிக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறாள். திருவலையில் இருந்து தேங்காய் துருவுகிறாள். செம்பாட்டுத் தோட்டத்தில் குந்தியிருந்து வெங்காயம் நடுகிறாள், புல்லுப் பிடுங்குகிறாள். மூத்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறாள். சம்பளம் இல்லாத வேலையை வேலை என்று எண்ணாத சமூகம், அந்த வேலையால் வரும் நோவையும் நோ என்று எண்ணுவதில்லை.

அன்றும் இருந்தது

இடப்பெயர்வின்போது ஏழு மாதக் கர்ப்பிணியாக நடந்த ஓர் அம்மாவிடம், “அப்ப உங்களுக்கு நோ இருக்கேல்லையா?” என்று ஒருநாள் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சாவகச்சேரியில பள்ளிக்கூடத்து நிலத்தில படுத்தனான். திரும்பிப் படுக்க ஏலாமல் விடிய விடிய இருந்த இருப்பிலேயே இருந்தன். பிள்ளை பிறந்து ஆறு மாசத்துக்கு அன்ன நடைதான். ஆர் பிள்ளை கேட்டவை?” என்றார்.

அவர் கேட்ட அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. அன்றைய தாய்மாருக்கு நோ இல்லாமல் இருக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை. ஷெல்லுக்குத் தப்புவதே பெரிதாக இருந்த நாளில் இடுப்பு நோவை யாரிடம் சொல்வது? அன்று பொறுத்தது வேறு வழியில்லாமல். இன்று குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். மாதக் கிளினிக் இருக்கிறது. வழி இருக்கும்போதும் பொறுத்துக் கொள்வதைப் பெருமையாக்கக் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

இந்த நோவை முற்றாக நிறுத்தும் மருந்து இல்லை. ஆனால் கால்கள் அகல விரிவதையும், பாரம் ஒற்றைக் காலில் விழுவதையும் தவிர்த்தால் பெருமளவு குறைத்துக் கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

படுக்கும்போது பக்கவாட்டில் சரிந்து, முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையை வையுங்கள். தலையணை இல்லாவிட்டால் பழைய சாறியை மடித்து வைக்கலாம். திரும்பும்போது இரு முழங்கால்களையும் மடித்து ஒன்றோடொன்று சேர்த்து, தோளும் இடுப்பும் ஒன்றாக உருளும்படி திரும்புங்கள். எழும்பும்போது பக்கவாட்டில் சரிந்து, இரு கால்களையும் ஒன்றாகக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். நிலத்துப் பாயிலிருந்து எழும்புவது மிகவும் கடினம். வீட்டில் ஒரே ஒரு கட்டில் இருந்தால் அது கர்ப்பிணிக்கு உரியது.

உடுப்பை இருந்துகொண்டே மாற்றுங்கள். படியேறும்போது நோக் குறைந்த காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது நோக் கூடிய காலை முதலில் இறக்குங்கள். ஓட்டோவில் ஏறும்போது முதலில் ஆசனத்தில் இருந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே எடுங்கள். சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதை நோ உள்ள காலத்தில் விட்டுவிடுங்கள்.

குந்தியிருப்பது, சப்பாணி கட்டி இருப்பது, கால் மேல் கால் போடுவது ஆகியவற்றைக் குறையுங்கள். குந்தும் மலசலகூடம்தான் உண்டென்றால், நடுவில் வட்டமாக வெட்டிய பழைய பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை அதன் மேல் வைக்கலாம். வெட்டிய பின்னும் அது ஆளின் பாரத்தைத் தாங்குகிறதா, வழுக்காமல் நிற்கிறதா என்று வேறொருவர் முதலில் இருந்து பார்க்கட்டும். மரக்கறி வெட்டுவதையும் கதிரையில் இருந்து மேசையில் செய்யுங்கள். திருவலை வேலையையும் தண்ணீர் வாளியையும் வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு கையில் நிறைவாளி வேண்டாம்; இரு கைகளிலும் சிறிது சிறிதாக, பாரம் சமமாக இருக்கட்டும். மூத்த பிள்ளையை இடுப்பில் வைக்காமல், நீங்கள் இருந்துகொண்டு பிள்ளையை அருகில் அணைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காக நாள் முழுவதும் படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. தசைகள் சோர்ந்தால் மூட்டுக்குப் பிடிமானம் குறையும். நோவைக் கூட்டாத அளவில் சிறிது சிறிதாக நடக்கலாம். மூத்திரத்தை அடக்குவது போலக் கீழ்த்தசைகளை இறுக்கி, சில விநாடிகள் வைத்துத் தளர்த்தும் பயிற்சியும் உதவும். மூத்திரம் போகும் நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம். இடுப்புக்கு அணியும் பெல்ற் சிலருக்கு ஆறுதல் தருகிறது. மேலும் எந்தப் பயிற்சி உங்களுக்கு ஏற்றது என்பதை இயன்மருத்துவர் காட்டித் தருவார். ஆகவே இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்ப முடியுமா என்று கிளினிக் வைத்தியரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

குளிசை விடயத்தில் கவனம் தேவை. பனடோல் என்றாலும் வைத்தியரிடம் கேட்டு எடுங்கள். மூட்டு நோவுக்கு வீட்டில் மற்றவர்கள் பாவிக்கும் டைக்ளோபெனக், இபுபுரூபன் போன்றவற்றைக் கர்ப்பிணிகள் தாமாக எடுக்கவே கூடாது. முக்கியமாக 20 வாரங்களுக்குப் பின் அவை பிள்ளையின் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பாதிக்கலாம்.

காயப்பட்ட சகோதரிகளுக்கு

போரில் இடுப்பிலோ தொடையிலோ காயப்பட்டவர்கள், ஷெல் துண்டு இன்னும் உடலில் இருப்பவர்கள், அதை முதலாவது கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள். பழைய காயம், பழைய கதை என்று விடவேண்டாம். செயற்கைக் கால் அணிந்திருப்பவர்களுக்கு இடுப்பின் இரு பக்கமும் பாரம் சமமாக விழாது. கர்ப்பத்தில் உடல் பெருத்துக் கால் வீங்கும்போது செயற்கைக் காலின் பொருத்தமும் மாறிவிடும். கால் செய்து தந்த நிலையத்துக்குச் சென்று அதைச் சரிபார்ப்பது நல்லது. சில மாதங்களுக்கு ஊன்றுகோல் பாவிப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோ இருக்கும் இடம் சொல்லக் கூச்சமான இடம். வன்முறைக்கு ஆளான சில பெண்களுக்கு அந்த இடத்தில் ஒருவர் கை வைப்பதே தாங்க முடியாததாக இருக்கலாம். பெண் வைத்தியர் இருந்தால் அவரிடம் காட்ட வேண்டும் என்றோ, துணைக்கு ஒருவர் அருகில் நிற்க வேண்டும் என்றோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

பிரசவமும் அதன் பின்னும்

இந்த நோ இருப்பதற்காகச் சத்திர சிகிச்சை செய்துதான் பிள்ளை பெற வேண்டும் என்றில்லை. ஆனால் கடைசி மாதத்தில், நோவில்லாமல் உங்கள் முழங்கால்கள் எவ்வளவு தூரம் விரியும் என்பதைப் பார்த்து வையுங்கள். அதைப் பிரசவ அறையில் தாதியரிடமும் மருத்துவிச்சியிடமும் சொல்லுங்கள். பக்கவாட்டில் சரிந்து படுத்தும் பிள்ளை பெறலாம். அந்த நேரத்தில் சொல்ல முடியாமல் போகலாம். ஆகவே கிளினிக் காட்டில் முன்கூட்டியே எழுதித் தரும்படி கேளுங்கள்.

பிள்ளை பிறந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலானோருக்கு நோ நீங்கிவிடும். எனக்கு மூன்று மாதம் எடுத்தது. வேது குளியலின் இளஞ்சூடு இதமாக இருந்தது. ஆனால் கொதிநீரை நாரியில் அடித்து ஊற்றுவதும், பலமாக உருவி விடுவதும் வேண்டாம். மூன்று மாதம் கடந்தும் நோ இருந்தால் மீண்டும் வைத்தியரிடம் செல்லுங்கள். “பிள்ளை பெத்த உடம்பு அப்பிடித்தான்” என்று விட வேண்டாம்.

எல்லா நோவும் இதுவாக இருக்காது. இரத்தம் படுதல், நீர் உடைதல், விட்டு விட்டு வரும் வயிற்று வலி, காய்ச்சல், சலம் போகும்போது எரிவு, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், கால் விறைத்தல், சலம் மலம் கட்டுப்படாமல் போதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மாமிமாருக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பெண் செல்லம் கொண்டாடவில்லை. அவளது வேலையில் தண்ணீர் அள்ளுவது, தேங்காய் துருவுவது, மூத்த பிள்ளையைக் குளிப்பாட்டுவது ஆகிய மூன்றையும் நாலு மாதத்துக்கு நீங்கள் எடுத்துக்கொண்டால், அது எந்தக் குளிசையிலும் பெரிய மருந்து.

சகோதரிகளே, அடுத்த கிளினிக்கில் ‘நாரி நோ’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த இடத்தில் நோகிறது, திரும்பிப் படுக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா, வீட்டில் என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் இரண்டாம் முறையும் சொல்லுங்கள்.