பலகையில் எழுதாத விகிதம்

நீலகிரியின் கேத்தி பாலாடாவில் கேரட் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் விவசாயிக்கு விலையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் ஒரு விலை, மண்டியில் ஒரு விலை, கோயம்புத்தூர்க் கடையில் இன்னொரு விலை. “இன்னைக்கு என்ன போச்சுங்க?” என்று மண்டிக்குப் போன் போட்டுக் கேட்காமல் அவர் லாரியில் மூட்டை ஏற்றுவதில்லை. அதே மனிதர் மகளைப் பார்க்கச் சிங்கப்பூருக்கோ, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக இலங்கைக்கோ கிளம்பும்போது, விமான நிலையக் கவுன்ட்டரில் சொன்ன விலைக்கு டாலரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஏறிவிடுகிறார். டாலரும் சரக்குதான் என்பது அவருக்கு மட்டுமல்ல, படித்த பலருக்குமே அந்த நேரத்தில் மறந்துபோகிறது.

டாலருக்கு எந்த நேரத்திலும் சந்தையில் ஒரு நடு விலை உண்டு. வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகைகளை வாங்கி விற்கிற விலை அது. கைபேசியில் தேடினால் முதலில் வந்து நிற்பதும் அதுதான். ஆனால் அந்த விலைக்கு ஒரு நூறு டாலர் நோட்டை யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள். கவுன்ட்டர் பலகையில் இரண்டு விலைகள் இருக்கும்: அவர்கள் நமக்கு விற்கும் விலை ஒன்று, நம்மிடம் வாங்கும் விலை ஒன்று. நடு விலை 88 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 90-க்கு விற்று 86-க்கு வாங்குகிற கடையில் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தால் 1,111 டாலர் வரும். பயணம் ரத்தாகி, வாங்கிய டாலரை மறுநாளே அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 95,500 ரூபாய்தான். எங்கும் போகாமல், எதையும் வாங்காமல் நாலரை ஆயிரம் போய்விட்டது. அந்தக் கடை வாசலில் ‘கமிஷன் கிடையாது’ என்று எழுதியிருந்தால் அது பொய்யல்ல. கமிஷன் தனியாக இல்லை, விலைக்குள் இருக்கிறது.

ஆகவே கவுன்ட்டரில் கேட்க வேண்டிய கேள்வி “ரேட் என்ன?” அல்ல. “ஒரு லட்சம் கொடுத்தால், எல்லாம் போக, கையில் எத்தனை டாலர் தருவீர்கள்?” என்று கேட்க வேண்டும். விகிதம், சேவைக் கட்டணம், வரி மூன்றும் அந்த ஒரே எண்ணில் அடங்கிவிடும். வரி பெரிய தொகை இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுகிறார்கள். ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். இது எல்லாக் கடையிலும் ஒன்றுதான். கடைக்குக் கடை மாறுவது விகிதம். 89-க்கு விற்கும் கடைக்கும் 94-க்கு விற்கும் கடைக்கும் ஒரு லட்சத்தில் கிட்டத்தட்ட 60 டாலர் வித்தியாசம் வரும். மாற்று வழி இல்லாத கடைசி நேரக் கூட்டத்தை நம்பி நடக்கும் கவுன்ட்டர்களில் இந்த இடைவெளி விரிவது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

கேத்திக்காரருக்குக் கோயம்புத்தூர்தான் வசதி. அவிநாசி சாலையிலும் ஆர்.எஸ்.புரத்திலும் உரிமம் பெற்ற நாணய மாற்று நிறுவனங்களும் வங்கிக் கிளைகளும் இருக்கின்றன. காலையில் நாலு இடங்களுக்குப் போன் செய்து, ஒரே தொகையைச் சொல்லி, ஒரே நேரத்தில் விலை கேட்டால் போதும். ‘அங்கே இவ்வளவு சொல்கிறார்கள்’ என்றதும் பத்து இருபது காசு இறங்கி வருவார்கள். பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்தே வாங்கிக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது என்பதால் புறப்படும் நாள் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாஸ்போர்ட், பான் அட்டை, டிக்கெட் வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கட்ட முடியாது, வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் நோட்டாக 3,000 டாலர் வரை எடுத்துப் போகலாம். மீதியை அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவு தாராளம் சமீபத்தில் வந்தது. 1960-களிலும் 70-களிலும் வெளிநாடு போன இந்தியர் எத்தனையோ பேர் எட்டு டாலரோடு விமானம் ஏறிய கதையை இன்றும் சொல்வார்கள். அந்நியச் செலாவணி அப்போது அரசின் கையிருப்பு, தனி மனிதரின் தேவைக்கு அது கடைசியில்தான் வந்தது. 1973-இல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் கேத்தி வரைக்கும் எட்டியது. அங்கே எல்லநள்ளியில் இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஊசித் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் பங்கு 40 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று அந்தச் சட்டத்தால் நிலை வந்தது. பங்கை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய் 1981-இல் தீர்ப்பானது. கம்பெனிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். அந்த 1973 சட்டம் போய் 2000-இல் புதிய அந்நியச் செலாவணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2004-இல் தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றார்கள். 2015 முதல் அது இரண்டரை லட்சம் டாலர்.

ஆனால் இந்த மலையில் விகிதம் என்ற சொல்லுக்குள் இன்னும் பெரிய இழப்பு ஒன்று அடங்கியிருக்கிறது. நீலகிரியில் சிலோன்காரர்கள் என்று அழைக்கப்படும் தாயகம் திரும்பியோரின் குடும்பங்கள் சொல்ல வேண்டிய கதை அது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. டான்டீ என்ற இன்றைய அரசுத் தேயிலை நிறுவனம் அதிலிருந்து வந்ததுதான்.

அந்த ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. திரும்புகிறவர்கள் சேமநல நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துப் போகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது. கையெழுத்தான நாளில் இரு நாட்டுப் பணமும் சமம். இரண்டுக்குமே டாலருக்கு 4.76. அதாவது இலங்கையின் 4,000 ரூபா இந்தியாவிலும் 4,000 ரூபாய். 1966 ஜூன் 6-இல் இந்தியா தன் பணத்தின் மதிப்பைக் குறைத்து டாலருக்கு 7.50 ஆக்கியதும் அந்த 4,000 ரூபா கணக்குப்படி 6,300 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டு நவம்பரில் இலங்கையும் 5.95-க்குக் குறைத்தது. 6,300 என்பது 5,040 ஆகச் சுருங்கியது. 1968-இலிருந்து இலங்கையில் இரட்டை விகித முறை. 1977 நவம்பரில் அதை ஒழித்து ஒரே விகிதமாக டாலருக்கு 16 என்று அறிவித்தபோது அதே 4,000 ரூபா இந்தியாவில் இரண்டாயிரத்துச் சொச்சம்.

கொழுந்து பறித்த கை ஒன்றுதான், சேர்த்த ஆண்டுகளும் ஒன்றுதான். தலைமன்னாரில் கப்பல் ஏறிய தேதி மட்டும் வேறு. அந்தத் தேதியையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. குடியுரிமைத் தாள் எப்போது வந்தது, வெளியேறும் உத்தரவு எப்போது வந்தது என்பதை வைத்து அலுவலகங்கள் முடிவு செய்தன. நல்ல விகிதம் வரும்வரை பொறுத்திருக்கவோ, வேறு கவுன்ட்டருக்குப் போகவோ அவர்களுக்கு உரிமை இல்லை. நாணய மாற்றில் நல்ல விலை என்பதன் முழுப் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு மாற்றுவது என்பதைத் தானே முடிவு செய்ய முடிகிறவருக்குத்தான் நல்ல விலை கிடைக்கிறது.

இன்று அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் உறவுகளைப் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்கு அந்த மூன்றையும் முடிவு செய்யும் வாய்ப்பு இருக்கிறது. இலங்கை ரூபாவை இந்தியாவிலேயே தேடி வாங்குவது நஷ்டம். இங்கே அதைக் கேட்பவர் குறைவு என்பதால் விற்பவர் வைத்ததே விலை. டாலராக வாங்கிக்கொண்டு போய் அங்கே மாற்றினால் இரண்டு முறை மாற்றுவதாகத் தோன்றும், ஆனாலும் பெரும்பாலும் அதுவே மலிவு. இந்திய நோட்டாக 25,000 ரூபாய் வரை கொண்டுபோகச் சட்டம் இடம் தருகிறது. கொழும்பில் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே மாற்றுவது? விமான நிலையத்தில் மாற்றாதே என்று உலகம் முழுக்கச் சொல்லும் அறிவுரை கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் அவ்வளவாகப் பொருந்தாது. வருகைப் பகுதியில் இலங்கையின் பெரிய வங்கிகள் அடுத்தடுத்துக் கவுன்ட்டர் போட்டு, பலகைகளை எதிரே தெரியும்படி வைத்திருக்கின்றன. பத்து எட்டு நடந்தால் இன்னொரு விலை கிடைக்கும் இடத்தில் யாரும் அதிகம் கூட்டிச் சொல்ல முடியாது. நகரத்து வங்கியில் கிடைப்பதற்கு நெருக்கமான விலை அங்கேயே கிடைத்துவிடும். சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறு. சாங்கி விமான நிலையத்தைவிட லிட்டில் இந்தியாவில் முஸ்தபா சென்டர் பக்கமும் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கமும் விலை நன்றாக இருக்கும். காரணம் அதேதான்: அங்கே மாற்றுக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த பழைய சேஞ்ச் ஆலி சந்தில் 1989 வரை அந்தத் தொழிலை நடத்தியவர்களில் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். சந்து போனாலும் தொழில் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. பாங்காக்கில் சூப்பர்ரிச் கடைகள் நூறு டாலர் நோட்டுக்கு ஒரு விலையும் சில்லறை டாலர் நோட்டுகளுக்குக் குறைந்த விலையும் தருகின்றன. ஆகவே கோயம்புத்தூரில் வாங்கும்போதே மடிப்பும் பேனாக் கோடும் இல்லாத புதிய நூறு டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குவது நல்லது.

எல்லாவற்றையும் முதல் நாளே மாற்ற வேண்டியதில்லை. 2022-இல் இலங்கையில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபா அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த விகிதத்தை மத்திய வங்கி விட்டுவிட, மே நடுவில் அது 360-ஐத் தொட்டது. இடையில் எரிபொருள் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு. வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றித் தரும் ‘உண்டியல்’காரர்கள் வங்கி விகிதத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்ததால், வெளிநாட்டில் இருந்த இலங்கையர் அனுப்பிய பணத்தில் ஒரு பெரும் பகுதி வங்கிக்கு வராமல் போனது. அந்த வழி இரு நாட்டிலும் சட்டவிரோதம். கொடுத்த பணம் போய்ச் சேராவிட்டால் புகார் கொடுக்கவும் இடமில்லை. அதைவிட முக்கியமாக, அந்த ஆண்டு தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்த உறவினர் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொடுத்த விலையில் அந்தச் சரிவின் பங்கு இருந்தது. விருந்தாளிக்கு லாபமான விகிதம் வீட்டுக்காரருக்குப் பட்டினியாகவும் இருக்கலாம் என்பதை மலையகத்துக்குப் போய் வருகிறவர்கள் மறக்கலாகாது.

இனி அட்டைகள். இந்திய வங்கிகளின் சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதல். அதன் மேல் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4.13 சதவீதம். கட்டணம் இல்லாத அட்டைகளும் இருக்கின்றன. கிளம்பும் முன் வங்கியில் கேட்டால் தெரிந்துவிடும். முன்கூட்டியே பணம் ஏற்றும் ஃபாரெக்ஸ் கார்டு நல்லதுதான், ஆனால் ஏற்றிய நாணயத்தில் செலவழித்தால் மட்டுமே. டாலர் ஏற்றிய அட்டையைக் கண்டிக் கடையில் தேய்த்தால் டாலரிலிருந்து இலங்கை ரூபாவுக்கு மாற்றும் கட்டணம் தனியாக விழும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் ஏமாறுவது திரையில் வரும் ஒரு அன்பான கேள்வியில். ஏ.டி.எம்.மிலோ கடை இயந்திரத்திலோ “உங்கள் தொகையை இந்திய ரூபாயில் கணக்கிடட்டுமா?” என்று வரும். நம் பணத்தில் தெரிந்தால் நல்லதுதானே என்று ‘ஆமாம்’ என்பதை அழுத்துகிறோம். அப்படி அழுத்தினால் விகிதத்தை நிர்ணயிப்பது அந்த இயந்திரத்துக்காரர். நடு விலையிலிருந்து நாலைந்து சதவீதம் விலகியிருப்பது அங்கே சாதாரணம், அதற்கு மேலும் போவதுண்டு. எப்போதும் அந்த நாட்டுப் பணத்திலேயே கணக்கிடச் சொல்ல வேண்டும். இலங்கையில் 2024 பிப்ரவரி 12 முதல் யு.பி.ஐ. வழியாகவும் செலுத்தலாம். அங்கேயும் உறுதி செய்யும் முன் எத்தனை ரூபாய் பிடிக்கப்போகிறார்கள் என்று திரையில் பார்த்துக்கொள்வது நல்லது.

திரும்பும்போது மிச்சமிருக்கும் இலங்கை ரூபாவைக் கட்டுநாயக்கவிலேயே மாற்றிவிட வேண்டும். மாற்றியபோது வாங்கிய ரசீதை அதற்காகப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கோயம்புத்தூருக்கு வந்தால் அந்த நோட்டுக்கு நல்ல விலை கிடைப்பது கடினம். மிச்ச டாலர் வேறு கதை. 2,000 டாலர் வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு மேல் இருப்பதை மட்டும் 180 நாளுக்குள் ஒப்படைத்தால் போதும். அடுத்த ஆண்டு ஹட்டனில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது என்று தெரிந்த குடும்பம் அந்த டாலரை விற்காமல் வைத்துக்கொள்ளட்டும். விற்றுவிட்டு மறுபடி வாங்கினால், முதலில் சொன்ன கணக்குப்படி, நூறு டாலருக்கு நானூறு ரூபாய் கவுன்ட்டரிலேயே போய்விடும்.