ரோல் காசு

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருக்கிறது அந்த ஸ்டுடியோ. முன்பக்கம் பாஸ்போர்ட் போட்டோவுக்கான நீலத் திரையும் வெள்ளைத் திரையும். பின்னால் இருக்கும் சின்ன அறைதான் ஒரு காலத்தில் டார்க் ரூம். இப்போது அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது. பிரிண்ட் கழுவிய சிமெண்ட் தொட்டியை இடிக்கவில்லை. அதற்குள் ஹார்ட் டிஸ்க்குகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஆண்டை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

உரிமையாளருக்கு அறுபது தாண்டிவிட்டது. கேமரா விலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் ஷோகேஸைத் திறந்து முதலில் யாஷிகா மேட் 124ஜி-யை எடுத்தார். மேல் மூடியைத் தூக்கினால் கண்ணாடித் தகட்டில் கடைத்தெரு இடவலம் மாறித் தெரிகிறது. 120 ரோலில் பன்னிரண்டே படம். அடுத்தது பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை சந்தையில் இருந்த மாடல். பேட்டரி தீர்ந்தால் லைட் மீட்டர்தான் நிற்குமே தவிர, ஷட்டர் நிற்காது. என் கையில் கொடுத்து, "அடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். அடித்தேன். கணீரென்று விழுந்தது.

அதன்பின் அவர் காட்டிய பில் புக் எனக்குக் கேமராக்களைவிட முக்கியமாகப் பட்டது. தொண்ணூறுகளின் நடுவில் போட்ட ஒரு கல்யாண பில், கார்பன் நகல். முதல் வரி, போட்டோ கூலி. அடுத்த வரி, 36 ரோல், ஆறு. பிறகு கழுவிய செலவு. பிறகு நாலுக்கு ஆறு பிரிண்ட். கடைசியில் ஆல்பம். ஐந்து வரியில் ஒன்றுதான் அவருடைய உழைப்புக்கு. மற்ற நான்கும் பொருளுக்கும் லேபுக்கும் ஆன செலவு. அதைக் கல்யாண வீட்டார் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். "ரோல் காசு தனின்னு சொன்னா போதும். ரோல் கண்ணுல தெரியுது இல்ல? நம்ம கை காசு ஒண்ணும் போகாது" என்றார்.

டிஜிட்டல் வந்தபோது மாறியது இதுதான். நிக்கான் 1999-இல் கொண்டுவந்த டி1 ஐயாயிரம் டாலருக்கு மேல். தாம்பரம் ஸ்டுடியோக்காரர்கள் அதைப் பத்திரிகையில் படமாகத்தான் பார்த்திருப்பார்கள். 2003-இல் கேனன் 300டி ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு நிக்கான் டி70 வந்தது. இவர் சீட்டு எடுத்து டி70 வாங்கினார். வாங்கிய பிறகு பிடித்த முதல் கல்யாணத்திலேயே பெண்ணின் சித்தப்பா கேட்டாராம்: "பிலிமே போடல, ரோல் காசு எதுக்கு?" இவரிடம் பதில் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டார். தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் எத்தனையோ பேர் இப்படித்தான் அடித்திருப்பார்கள். செலவு போய்விடவில்லை. வாடிக்கையாளர் பில்லிலிருந்து போட்டோகிராபரின் கடன் கணக்குக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

கணக்கு ஒன்றும் சிரமமானதல்ல. நிக்கான் டி750-இன் ஷட்டரை ஒன்றரை லட்சம் கிளிக் வரை சோதித்திருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. பிலிமில் ஒரு கல்யாணத்துக்கு ஆறு ரோல், 216 படம். இப்போது நிச்சயதார்த்தத்தில் தொடங்கி ரிசப்ஷன் முடிவதற்குள் மூவாயிரம் சாதாரணம். ஐம்பது கல்யாணத்தில் ஒன்றரை லட்சம் வந்துவிடுகிறது. நல்ல முகூர்த்தங்கள் அமைந்தால் இரண்டு மூன்று வருஷம். மிரர்லெஸ் கேமராவின் சைலண்ட் ஷட்டரில் எடுத்தால் தேய்மானம் இல்லையே என்று கேட்டேன். உரிமையாளரின் மகன் ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கினார். மண்டபத்து எல்.இ.டி. விளக்கின் துடிப்பு, மணமகள் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்திருந்தது.

லென்ஸிலும் இதே அடி. பிலிம் காலத்தில் ஆசையாக வாங்கிய 80-200 லென்ஸ் டி70-லும் டி750-லும் நன்றாகவே ஓடியது. அந்த பாடிகளுக்குள் போகஸ் மோட்டார் உண்டு. மிரர்லெஸ்ஸுக்கு மாறியபோது அடாப்டரில் பொருந்தியது, ஆட்டோ போகஸ் மட்டும் போய்விட்டது. தாலி கட்டும் நேரத்தில் கையால் போகஸ் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. புது லென்ஸ் லட்சத்துக்கு மேல். வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கேமராவுக்கு 28 சதவீதம், 2019 ஜனவரியிலிருந்து 18. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன ஸ்டுடியோவால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது, முழுவதும் கைச்செலவு.

பிலிமே நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. இருட்டு மண்டபத்தில் பிளாஷ் சதி செய்து, ரோல் கழுவி வரும்வரை வயிற்றைக் கலக்கிய நாட்களை அவரே சொன்னார். ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இன்று இல்லை. கோடாக் 2012-இல் திவால் மனு போட்டது. திரும்பிப் போக வழியும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை விட முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, பீரோவுக்குள் இருந்த கல்யாண ஆல்பங்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. தண்ணீர் வடிந்ததும் பலர் இந்தக் கடைக்குத்தான் வந்தார்கள். பிலிம் காலத்தவர்களுக்கு, பட்டர் பேப்பர் உறையில் எண் போட்டு வைத்திருந்த நெகட்டிவ் கிடைத்தது. எனக்கும் ஒரு துண்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார்: ஆரஞ்சு நிறத்துக்குள் கூந்தல் வெளுத்தும் மல்லிகை கறுத்தும், கீறல் இல்லாமல். 2006, 2007-இல் கல்யாணம் ஆனவர்களில் இரண்டு குடும்பங்களுக்கு அவரால் ஒன்றும் தர முடியவில்லை. டிஸ்க் சுற்றவே இல்லை. இன்று 24 மெகாபிக்சல் ரா பைல் ஒன்று ஏறக்குறைய 25 எம்.பி. என்றால் மூவாயிரம் படத்துக்கு 75 ஜி.பி.; இரண்டு பிரதி வைத்தால் 150. வாடிக்கையாளர் இதற்கும் காசு கொடுப்பதுதான் நியாயம். நினைவைப் பத்திரமாக வைத்திருப்பது இலவச இணைப்பு அல்ல.

மகன் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார். 70-200 லென்ஸைச் சொந்தமாக வாங்காமல் தேவைப்படும் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கிறார். கொட்டேஷனில் பழைய வரியையும் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்: "கேமரா, ஸ்டோரேஜ் – தனி." நான் இருந்தபோதே பெருங்களத்தூரிலிருந்து ஒரு தம்பதி தை மாதக் கல்யாணத்துக்குப் பேச வந்தார்கள். அப்பாக்காரர் அந்த வரியில் விரல் வைத்து, "இது என்னங்க?" என்றார். மகன் ஷட்டர் கணக்கைச் சொன்னார், தொட்டியிலிருந்த டிஸ்க்குகளைக் காட்டினார், பத்து வருஷத்துக்குப் படம் தன் பொறுப்பு என்று எழுதியும் கொடுத்தார். பேரம் ஆல்பத்தின் பக்கங்களில் நடந்தது, நாற்பது முப்பதாயிற்று. கேமரா வரியில் யாரும் கை வைக்கவில்லை. முன்பணம் ஜிபேயில் வந்ததும், அதில் அந்த வரிக்கான பங்கை மகன் அங்கேயே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, அடுத்த பாடி அந்தக் கணக்கிலிருந்துதான், கடனில் இல்லை என்றார்.