வெள்ளைப் பூச்சு

என் சிறுவயதில் நாங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தோம். எங்கள் லயத்தில் தாத்தாவிடம் மட்டுமே வானொலி இருந்தது. மாலையில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் தாத்தா அதன் விசையைத் திருகுவார். உடனே பாட்டு வராது. உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்து ஒளிரும். அரை நிமிடம் கழித்துத்தான் தமிழ் ஒலிபரப்பு கேட்கும். பால்மரம் வெட்டிக் களைத்தவர்கள் அதற்காக வாசலில் காத்திருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலருக்கு உலகச் செய்தி அந்தப் பெட்டி வழியாகவே வந்தது.

ஒரு சமயம் அதன் குரல் தேயத் தொடங்கியது. சில வாரங்களில் முணுமுணுப்பு மட்டுமே எஞ்சியது. வால்வுகளோ வழக்கம்போல் ஒளிர்ந்தன. தாத்தாவும் நானும் அதைப் பேருந்தில் ஈப்போவுக்கு எடுத்துச் சென்றோம். பழுதுபார்ப்பவர் ஒரு வால்வைக் கழற்றிச் சோதித்தார்.

“சூடு நல்லாத்தான் ஏறுது, ஐயா. உள்ளே பூச்சு தீர்ந்துபோச்சு. இனி இது கொடுக்காது” என்றார்.

புது வால்வு பொருத்தியதும் குரல் திரும்பியது. எதைக் கொடுக்காது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் படித்தபோதுதான் விடை கிடைத்தது.

உலோகத்தை மிகவும் சூடாக்கினால் அதன் மேற்பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறும். அவற்றைக் கொடுக்கும் பகுதியே எதிர்மின்வாய். வால்வுக்குள் காற்று இல்லாததால் எலெக்ட்ரான்கள் தடையின்றி மறுமுனைக்குப் பாயும். வானலையில் வரும் மெல்லிய குறிப்பை வலுவாக்க இந்தப் பாய்ச்சல் உதவுகிறது. வெறும் டங்ஸ்டன் இழைக்கு இதற்கு ஏறக்குறைய 2,200 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. சில உலோக ஆக்சைடுகளைப் பூசினால் மிகக் குறைந்த வெப்பமே போதும் என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஆர்தர் வேனல்ட் 1904இல் வெளியிட்டார். பிற்கால வானொலி வால்வுகளில் நிக்கல் குழாயின்மேல் பேரியம், ஸ்திரான்சியம் ஆக்சைடுகளை வெள்ளைப் பூச்சாகப் பூசினர். அதற்கு ஏறக்குறைய 800 பாகை போதும். பூச்சின் பேரியம் நாளடைவில் ஆவியாகித் தீர்ந்துவிட்டால், சூடு இருந்தும் பயனில்லை.

இப்பணிக்கு உதவும் இன்னொரு பொருள் தோரியம். டங்ஸ்டனில் ஓரிரு விழுக்காடு தோரியம் ஆக்சைடு கலந்தால் ஏறக்குறைய 1,700 பாகையிலேயே எலெக்ட்ரான்கள் தாராளமாக வெளிவரும். ஒலிபரப்பு நிலையங்களின் பெரிய வால்வுகளில் இத்தகைய இழைகள் பயன்பட்டன. தோரியம் நம் பேராக் மண்ணிலும் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சும் அமாங் மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருக்கிறது. தோரியம் அதில் அடங்கியுள்ளது. ஆனால், அது கதிரியக்கம் உடையது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில், மோனசைட்டைப் பதப்படுத்திய ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். ஆலை 1994இல் மூடப்பட்டது. இழைக்குள் இம்மியளவு இருந்து பயன் தரும் பொருளே, கழிவாகக் குவிந்தால் அச்சம் தருகிறது. ஆகவே, ஒரு பொருளின் பயனோடு அதன் குணத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

வால்வு வானொலிகள் மறைந்துவிட்டன. எனினும், எக்ஸ்ரே குழாயிலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் சூடான எதிர்மின்வாய் இன்றும் உழைக்கிறது. உங்கள் வகுப்பறையில் பழைய குழல்விளக்கு இருந்தால் அதன் இரு முனைகளையும் பாருங்கள். அங்கே கறுப்புப் படிந்திருக்கலாம். உள்ளிருக்கும் சுருளிழையும் அதன் பூச்சும் சிறிது சிறிதாகத் தேய்ந்து கண்ணாடியில் ஒட்டியதன் அடையாளம் அது. பூச்சு முழுவதும் தீரும்போது விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்துவிடும்.