மைலேஜ் கணக்கு

மனைவியின் சிகிச்சைக்காக மாதம் இருமுறை நெல்லையிலிருந்து மதுரை போகிறோம். போக வர 300 கிலோமீட்டருக்கு மேல். பென்ஷனில் பெட்ரோல் பெரிய செலவு. எங்கள் செடான் காரில் நான் கடைப்பிடிப்பவை:

1. டயர் சூடாகும் முன், காலையிலேயே காற்று பார்த்துவிடுவேன். அளவு டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கிறது.

2. நான்குவழிச் சாலையிலும் 80தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 100இல் ஒன்றரை மடங்குக்கு மேல்.

3. தூரத்தில் சிக்னல் தெரிந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். நியூட்ரல் போடமாட்டேன், கியரில் உருளும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும்.

4. டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பும்வரை ஓடிய கிலோமீட்டரை, போட்ட லிட்டரால் வகுத்து நோட்டில் எழுதுகிறேன்.

லிட்டருக்கு 14 கொடுத்த கார் இப்போது 17 கொடுக்கிறது. மாதம் 7 லிட்டர் மிச்சம். அந்தப் பணம் மருந்துக் கடைக்கு. திரும்பும் வழியில் அவள் குலுங்காமல் தூங்குகிறாளே, அது இந்தக் கணக்கில் வராத மிச்சம்.