மிதிச்சவுடன யோசிக்கிற கார்

கார் இழுக்கேல்லை எண்டு சொன்னால் எங்கட ஊரில் மூன்று தீர்ப்புகள் உடனே கிடைக்கும். "எஞ்சின் முடிஞ்சுது." "காபரேற்றரை மாத்துங்கோ." "வித்துப்போட்டு வேற எடுங்கோ." சொல்கிறவர்களில் பாதிப்பேர் பொனற்றைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் நிற்பது 1960களில் வந்த ஒரு மொறிஸ் மைனர். கல்யாண வீடு, கோயில் எல்லாவற்றுக்கும் போகும் என்றாலும் அதன் முக்கியமான வேலை அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது. முழங்கால் மடிக்க ஏலாத அம்மம்மாவை ஓட்டோவில் ஏற்றி இறக்குவது சின்ன வேலையில்லை.

போன வருடம் அந்தக் காருக்கு ஒரு வருத்தம் பிடித்தது. மெதுவாக மிதித்தால் ஒழுங்காகப் போகும். சட்டென்று மிதித்தால் ஒரு கணம் மூச்சடைத்து நிற்கும், பிறகுதான் பாயும். ஒழுங்கையிலிருந்து பெரிய றோட்டில் ஏறுகிறபோது அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்பது, எதிரே மினிபஸ் வரும்போதுதான் விளங்கும்.

கராஜில் எஞ்சினை இறக்கிச் செய்யவேணும் என்றார்கள். கணக்கு இலட்சங்களில் வந்தது. விற்றுவிடலாம் என்ற கதையும் வீட்டில் எழும்பியது. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்ட பிறகும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக்கார் எங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. மைனரை விற்கிற காசுக்கு இன்னொரு கார் வராது.

அப்பா சொன்னது ஒன்றுதான். "ஒண்டையும் கழட்டாதேங்கோ பிள்ளையள். எப்ப நிக்குது, எப்ப நிக்கேல்லை எண்டு முதல்ல எழுதுங்கோ."

அப்பா 90களின் இளந்தாரி. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய தலைமுறை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் காபரேற்றர் வாயில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு விடுவார்களாம். உதிரிப்பாகமும் கிடைக்காது. "மாத்திப் பாப்பம்" என்று சொல்கிற வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. கழற்றமுதல் யோசித்தே ஆகவேண்டும்.

நாங்கள் அக்காவும் தங்கச்சியுமாக ஒரு கொப்பி எடுத்தோம். காலமை குளிரிலும் மத்தியானச் சூட்டிலும் வருத்தம் ஒரேமாதிரித்தான். ஐம்பதில் நிதானமாக எவ்வளவு தூரம் ஓடினாலும் பிழையில்லை. சட்டென்று மிதிக்கும்போது மட்டும்தான் நிற்கிறது. இந்த மூன்று வரியே பாதி வேலையை முடித்துவிட்டது. பெற்றோல் போதியளவு வராவிட்டால் நீண்ட ஓட்டத்திலும் திணறவேண்டும். எஞ்சின் தேய்ந்திருந்தால் எந்நேரமும் பலம் குறையவேண்டும்.

பிறகு காசு செலவில்லாத சோதனைகள். சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்துவிட்டு ஓய்கிறது, அது சரி. பிளக்குகளைக் கழற்றினோம். வெளிறியிருந்தால் பெற்றோல் குறைவு, கரி பிடித்திருந்தால் கூட. எங்களுடையது மண்ணிறம், அதுவும் சரி. பொயின்ற் இடைவெளி 0.4 மில்லிமீற்றருக்குக் கிட்ட இருந்தது. காபரேற்றரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகிற மெல்லிய குழாயை அந்தப் பக்கம் கழற்றி, டிஸ்ரிபியூட்டர் பக்கமாக வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்த்தோம். காற்று ஒழுகவில்லை.

மிஞ்சியது காபரேற்றர். சட்டென்று மிதிக்கும்போது காற்று உடனே உள்ளே பாயும். பெற்றோல் பாரமானது, ஒரு கணம் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியை நிரப்ப வேறு பல காபரேற்றர்களில் ஒரு குட்டிப் பம்ப் இருக்கும். மைனரில் இருக்கிற எஸ்.யூ. காபரேற்றரில் அது இல்லை. அதற்குப் பதிலாக, மேலே மணி மாதிரி இருக்கும் கூட்டுக்குள் ஒரு பிஸ்ரன் ஏறி இறங்கும். அதன் நடுவில் கொஞ்சம் ஒயில், ஒயிலுக்குள் ஒரு சின்னக் கம்பி. அந்த ஒயில்தான் பிஸ்ரனைத் துள்ளி எழும்பவிடாமல் பிடித்துவைக்கிறது. பிஸ்ரன் மெல்ல எழும்பினால் உறிஞ்சல் கூடும், பெற்றோலும் கூட வரும். ஒயில் இல்லையென்றால் பிஸ்ரன் ஒரேயடியாகப் பாயும், காற்று மட்டும் உள்ளே போகும், எஞ்சின் திணறும்.

உச்சியில் இருந்த மூடியைக் கையாலேயே திருகி எடுத்தோம். கம்பி காய்ந்து வந்தது.

இந்த ஒயில் நாளடைவில் தானாகவே குறையும். மூடிக்குக் கீழே இருப்பதால் யாருடைய கண்ணிலும் படாது. பிஸ்ரனை உயர்த்தி விட்டுப் பார்த்தோம், டக்கென்ற சத்தத்தோடு இறங்கியது, சிக்கவில்லை. எஞ்சின் ஒயிலையே தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கம்பியை அழுத்தும்போது கைக்கு எதிர்ப்புத் தெரிகிற வரைக்கும் நிரப்பினோம். அவ்வளவுதான். அன்று பின்னேரம் அப்பா பெரிய றோட்டில் ஏறி அமத்தினார். கார் யோசிக்கவில்லை.

எல்லாக் காருக்கும் இதுதான் மருந்து என்று நாங்கள் சொல்லவரவில்லை. வாகன்ஆரிலும் அல்ற்றோவிலும் காபரேற்றரே இல்லை. அங்கே அடைபட்ட எயார் ஃபில்டர், அழுக்கேறிய த்ரொட்டில், காற்றை அளக்கிற சென்சர், பலவீனமான கொயில் என்று வேறு சந்தேகங்கள். ஸ்கானர் போட்டால் ஒரு குறியீடு வரும். ஆனால் அந்தக் குறியீடு எந்தப் பக்கம் தேடவேண்டும் என்றுதான் சொல்லும். சூட்டிலா குளிரிலா, மெதுவாகவா சட்டென்றா என்ற கேள்விகளை அங்கேயும் நாங்கள்தான் கேட்கவேண்டும். மலிவானதை முதலில் பாருங்கோ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கோ. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சுகப்படுத்தியது என்று ஒருநாளும் தெரியவராது.

"ஆர்ட்ஸ் படிக்கிற பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஏன் இந்த வேலை" என்று ஒழுங்கையில் கேட்டவர்கள் உண்டு. நாங்கள் வகுப்பில் யுத்தகால வரலாறு படிக்கிறோம். தடை எப்போது வந்தது, எப்போது போனது என்று ஆண்டுகளை எழுதுகிறோம். அந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் எஞ்சினை உயிரோடு வைத்திருந்தவர்களின் கைப்பழக்கம் எங்கள் பாடக்குறிப்பில் எங்கேயும் இல்லை. அந்தத் தலைமுறைக்கு வயது போகிறது. உங்கட வீட்டிலும் அப்படி ஒரு அப்பாவோ மாமாவோ இருந்தால், கார் நல்லாய் ஓடுகிற நாளிலேயே ஒரு கொப்பியோடு அவருக்குப் பக்கத்தில் போய் இருங்கோ.