பாடும் தலைக்கட்டும்

'பாடு' என்னும் சொல் தமிழில் பல பொருள் தாங்கி நிற்பது. பட்ட துன்பமும் பாடு, உழைப்பும் பாடு, 'அவரவர் பாடு' என்னுமிடத்துப் பங்கும் பாடேயாம். திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இச்சொல்லுக்கு மற்றுமொரு பொருளுண்டு. ஏரியில் இன்ன துறையில், இன்ன நாளில், இன்னார் வலையிடலாம் என்னும் முறைவைப்புக்கே அங்குப் பாடு என்று பெயர். அகராதிகளைப் புரட்டியே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட நம்மைப் போன்றோர்க்கு, அவற்றில் தேடிக் கொள்ள இயலாத இந்தப் பொருள் ஒன்றே நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்பெரியச் செய்கிறது என்பது வியப்பளிக்கிறது.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்கோடி முகத்துவாரம் தமிழகத்தின் பக்கம் இருக்கிறது. கடலில் பிறக்கும் இறாற் குஞ்சுகள் அவ்வழியே ஏரிக்குள் புகுந்து வளர்கின்றன. மணல் மேடிட்டு முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் அந்த வரவும் நின்றுவிடும். ஆகவே முகத்துவாரத்தை அடுத்த துறைகளுக்கு என்றுமே போட்டி மிகுதி. அந்தப் போட்டி அடிதடியாக முற்றாமல் காத்து வந்தது பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களுக்கும் இதில் மூத்த உரிமை. தலைக்கட்டில் பெயருள்ளவரே பங்காளி. நல்ல துறையும் மெலிந்த துறையும் முறைவைத்துச் சுழன்று எல்லோருக்கும் வரும். நம் ஜமாஅத்துகளிலும் தலைக்கட்டு வரி உண்டன்றோ? ஊரில் ஒருவர் யார் என்பதை அவருடைய தலைக்கட்டே சொல்லும். ஏரிக்கரையில் அது அவருடைய வயிற்றுக்கும் வழி சொல்கிறது.

இம்முறையை ஆராய்ந்து செபாஸ்டியன் மாத்யூ எழுதிய ஆய்வை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1991இல் வெளியிட்டது. பின்னர் சாரா கூல்தார்ட் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், சுற்றுச்சூழல் மாறும்போது இம்மீனவர் எவ்வாறு ஈடுகொடுக்கின்றனர் என்பதை நேரில் இருந்து கண்டு 2008இல் எழுதினார். மானிடவியல் என்னும் இத்துறையை மேலை நாட்டாரே கண்டது போலப் பேசுவர். பதினோராம் நூற்றாண்டிலேயே அபூ ரைஹான் அல்-பீரூனீ சமஸ்கிருதம் பயின்று, பண்டிதர்களிடம் கேட்டறிந்து இந்தியாவைப் பற்றி எழுதிய நூலைக் கற்றோர் அவ்வாறு கூறார். பிறர் வழக்கத்தை இகழாமல் முதலில் அவர் சொல்வதைக் கேள் என்பதே அத்துறையின் அரிச்சுவடி. ஃபிக்ஹு பயின்றவர்க்கும் இது புதிதன்று. 'உர்ஃப்' என்னும் ஊர் வழக்குக்குத் தீர்ப்பில் உள்ள இடத்தை அவர்கள் அறிவர்.

ஆயினும் பாட்டைப் போற்றுவோர் சிலர் அதன் மறுபுறத்தை மறைத்துப் பேசுவது நமக்கு உடன்பாடன்று. தலைக்கட்டு இல்லாதார்க்குத் துறையும் இல்லை. இருளர் பெருமக்கள் இடுப்பளவு நீரிலும் சேற்றிலும் இறங்கிக் கைகளால் துழாவி இறால் பிடித்துப் பறியில் இடுகின்றனர். அவர்களிடம் படகும் இல்லை, பெருவலையும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிற்று. அத்தகைய வேளையில் இழப்பைக் கணக்கிட வருவோர் படகை எண்ணுவர், வலையை எண்ணுவர். சேற்றில் கைவிட்டுத் துழாவும் பெண்ணின் இழப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவர்? அவளுடைய கருவி அவளுடைய கை.

இஃது ஏதோ ஏட்டளவிலான ஐயம் அன்று. தமிழக அரசு 2022இல் காலநிலை மாற்ற இயக்கத்தையும் ஈரநில இயக்கத்தையும் தொடங்கியது. கடற்கரையில் அலையாத்தி நடுதல், முகத்துவாரத்தைத் தூண்டில் வளைவுகளால் நிலைப்படுத்துதல் ஆகியவை இன்று பேசப்படும் பணிகள். நல்ல பணிகளே. ஆனால் வரைபடத்தில் வெற்றுச் சேறாகத் தோன்றும் இடம் ஓர் இருளர் குடும்பத்தின் விளைநிலமாக இருக்கலாம். அங்கே நாற்று நடுமுன் அவர்களைக் கேட்க வேண்டும். முகத்துவாரம் நிலைபெற்றால் நீரோட்டம் மாறும். நீரோட்டம் மாறினால் நல்ல துறை எது, மெலிந்த துறை எது என்பதும் மாறும். அப்போது பாட்டின் முறைவைப்பைப் புதிதாக வகுக்க வேண்டிவரும். கல்லைக் கொட்டும் பொறியாளரிடம் அதற்குக் கணக்கில்லை. ஊர்ப் பஞ்சாயத்தாரோடு பன்னாள் அமர்ந்து பேசியவரிடமே அது கிடைக்கும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைக் காட்டி, "வேலை இருக்கும்போது ஏரி எதற்கு?" என்று வினவும் அறிஞரையும் நாம் சந்தித்ததுண்டு. குப்பத்து இளைஞர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக ஆலைகளுக்குப் போகத்தான் செய்கின்றனர். அவர்களுள் ஒருவனின் தந்தையிடம், மகன் ஆலைக்குச் சென்ற பின்னும் ஊர் வரியை விடாமல் கட்டுவது ஏன் என்று கேட்டோம். "கம்பெனிக்காரன் இன்னிக்கு வாம்பான், நாளைக்கு வராதேம்பான் ஹஜ்ரத். பாடு அப்பிடிச் சொல்லாது" என்றார். காப்பீடு என்றும் மீள்திறன் என்றும் அறிக்கைகள் பக்கம் பக்கமாக விரித்துரைப்பதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஏரி கெட்டுவிட்டால் அவர் கட்டிவரும் அந்த வரிக்கு என்ன பொருள் என்பதை அவரிடம் கேட்க நமக்கு மனம் வரவில்லை.

மக்கள் அறிவைக்கொண்டே தொழில் அமைத்த முன்மாதிரியும் அண்மையிலேயே உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத் தோல் வாணிகம் இழந்த இருளர், 1978இல் செங்கற்பட்டுப் பகுதியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, விடமுறி மருந்து செய்வோர்க்கு விற்கின்றனர். எவரும் அவர்களுக்குப் புதுத் தொழில் கற்பிக்கவில்லை. கைவசம் இருந்த கல்விக்கே அங்கே ஊதியம் கிடைத்தது.

பழவேற்காட்டிலும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. துறைகளின் பெயர், சேற்றின் வகை, வாடையும் கொண்டலும் வீசும்போது எந்த மீன் எப்பக்கம் ஒதுங்கும் என்பவை யாவும் முதியவர் நாவில் மட்டும் இருக்கின்றன. அவற்றையும், இருளர் பெண்கள் இறங்கும் இடங்களையும் சேர்த்து, அவர்கள் சொல்லச் சொல்ல ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும். விடுமுறை நாட்களில் நம் மாணவர் சிலரை இதற்கு அனுப்ப எண்ணியுள்ளோம். முதல் நாள் அவர்கள் குறிப்பேட்டைத் திறவாமல் கேட்டு மட்டும் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.